மலச்சிக்கல்: பேதி மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

மலச்சிக்கல் என்று வாயெடுத்தால் வீட்டில் கிடைக்கும் அறிவுரை ஒரே வரியில் முடிந்துவிடும்: தண்ணீர் நிறையக் குடி, கீரை சாப்பிடு. எவ்வளவு, எப்போது, எதற்குப் பிறகு எது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பலர் ஒரே நாளில் ஒரு கட்டுக் கீரை, ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் இரண்டு கரண்டி இசப்கோல் விதை உமி என்று இறங்கி, வயிறு உப்பிப்போய், மூன்றாம் நாளே “நமக்கு இதெல்லாம் ஒத்துக்காது” என்று மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இதில் வரிசை முக்கியம். முதலில் கழிப்பறைப் பழக்கம், அடுத்து நார்ச்சத்து, அதற்கும் அடுத்து இசப்கோல். பேதி மருந்து கடைசியில், அதுவும் தேவைப்பட்டால். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இங்கே வரும் அளவுகள் தினமும் அரிசிச் சாப்பாடு சாப்பிடும் பெரியவர்களுக்கானவை. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பற்றிக் கடைசியில் தனியாக இருக்கிறது.

இது மலச்சிக்கல்தானா?

தினமும் போயே ஆக வேண்டும் என்று உடம்பில் எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவையும் இயல்புதான், வாரத்துக்கு மூன்று தடவையும் இயல்புதான். சிரமமில்லாமல், மென்மையாக, முழுதாகப் போன திருப்தியோடு இரண்டு நாளைக்கு ஒருமுறை போகிறவருக்கு மலச்சிக்கல் இல்லை. தினமும் போனாலும் முக்கி முக்கி, பாதி உள்ளேயே நிற்பது போன்ற உணர்வோடு எழுந்து வருகிறவருக்கு உண்டு.

மலத்தின் வடிவத்தைப் பார்த்தால் ஓரளவு தெளிவாகத் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மருத்துவர்கள் லூயிஸும் ஹீட்டனும் 1997-ல் வெளியிட்ட ஏழு வகை அட்டவணையைத்தான் இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். முதல் வகை, ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனியாக, கெட்டியாக விழுவது. இரண்டாவது, அதே உருண்டைகள் ஒட்டி ஒரே கட்டியாக, மேடுபள்ளமாக வருவது. மூன்றாவது நீளமாக, மேலே வெடிப்புகளோடு இருக்கும். நான்காவது வழவழப்பாக, மென்மையாக இருக்கும். ஐந்திலிருந்து ஏழு வரை இளகல், கூழ், தண்ணீர். மூன்றும் நான்கும் நமக்கு வேண்டியவை. ஒன்றும் இரண்டும் மலச்சிக்கல்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த வகை, முக்க வேண்டியிருந்ததா, முழுதாகப் போனதா. நாட்காட்டித் தாளின் ஓரம் போதும். ஒரு மாதம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா என்று நினைவை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவைதான்.

பெருங்குடலின் வேலைகளில் ஒன்று மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. மலம் உள்ளே தங்கும் நேரம் கூடக் கூட அது இறுகும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஒன்று அந்தத் தங்கும் நேரத்தைக் குறைக்கும், அல்லது மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

வீட்டு வைத்தியம் கூடாத நிலைகள்

மலத்தில் ரத்தம், தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாமல் உடல் எடை குறைவது, ரத்தசோகை, 45–50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய சிக்கல், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிக் களிம்பு வாங்கித் தடவுவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.)

வயிறு வீங்கி, வலியும் வாந்தியும் இருந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது அவசரநிலை. குடல் அடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதி மருந்தோ எனிமாவோ கொடுப்பது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் தினமும் போடும் மருந்துகளைப் பார்ப்பது நல்லது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், அலுமினியம் சேர்ந்த நெஞ்செரிச்சல் மருந்துகள், கோடீன் சேர்ந்த இருமல் சிரப், டிரமடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகள், பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில் ஆகியவை மலத்தைக் கட்டும். புதிய மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சிக்கல் ஆரம்பித்திருந்தால், எத்தனை கிலோ கீரை சாப்பிட்டும் பெரிய பலன் இருக்காது. நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் மாற்று மருந்தோ அளவு மாற்றமோ இருக்கும்.

தைராய்டு சுரப்புக் குறைவும் நீண்டகாலச் சர்க்கரை நோயும் குடலை மந்தமாக்கும். மலச்சிக்கலோடு அசதி, உடல் எடை கூடுதல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை எல்லாம் சேர்ந்து வந்தால் தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம்.

காலையில் அரை மணி நேரம்

செலவே இல்லாத, ஆனால் பலரும் தாண்டிப் போய்விடுகிற பகுதி இது.

வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் தானாகச் சுருங்கி உள்ளிருப்பதைக் கீழே தள்ளும். இந்த அலை காலை எழுந்த பின்பும், காலை உணவுக்குப் பின்பும் மிக வலுவாக இருக்கும். காலை உணவைத் தவிர்க்கிறவர்களும், இட்லியை வாயில் திணித்துக்கொண்டே பேருந்துக்கு ஓடுகிறவர்களும் அன்றைய நாளின் நல்ல வாய்ப்பைத் தெருவில் கழிக்கிறார்கள். உந்துதல் வரும்போது அடக்கினால் சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். அதற்கப்புறம் பல மணி நேரம் வராமல் போகலாம். அதற்குள் மலம் இன்னும் காய்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் இப்படி அடக்கியவர்களுக்கு மலக்குடலின் உணர்வே மங்கிப்போவதுண்டு.

எனவே இப்படிச் செய்யுங்கள். வழக்கத்தைவிட 30 நிமிடம் முன்னதாக எழுந்திருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர் குடியுங்கள். காபி பழக்கம் இருந்தால் அதையும் குடிக்கலாம், காபி பலருக்குச் சில நிமிடங்களிலேயே பெருங்குடலைத் தூண்டும். தண்ணீரில் எலுமிச்சை பிழிவதும் தேன் விடுவதும் உங்கள் விருப்பம், வேலையைச் செய்வது சூடான பானமும் நேர ஒழுங்கும்தான். பிறகு பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, காலை உணவைச் சாப்பிட்டு, 15 முதல் 30 நிமிடத்துக்குள் கழிப்பறைக்குப் போய் உட்காருங்கள். உந்துதல் இல்லாவிட்டாலும் உட்காருங்கள். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் குடலுக்கு அந்த நேரம் பழகிவிடும்.

கைபேசி வெளியே இருக்கட்டும். அது உள்ளே வந்தால் பத்து நிமிடம் முப்பதாகும். கழிப்பறை இருக்கையின் ஓட்டையில் உட்காரும்போது ஆசனவாய்ப் பகுதிக்குக் கீழே தாங்கல் இல்லாததால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் வீங்கும். மூலம் வர இது ஒரு வழி.

உட்காரும் விதமும் கவனிக்க வேண்டியது. மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் கயிறாக வளைத்து முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. நேராக உட்கார்ந்தால் அந்த வளைவு பாதிதான் நிமிரும், குந்தி உட்கார்ந்தால் நன்றாக நிமிரும். இந்தியக் கழிப்பறை உள்ளவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடுகிறது. நாற்காலி போன்ற மேற்கத்திய இருக்கை என்றால் காலுக்கடியில் 18 முதல் 22 செ.மீ. உயரமுள்ள முக்காலி வேண்டும். குளிக்க உட்காரும் பிளாஸ்டிக் முக்காலி கிட்டத்தட்ட இந்த உயரத்தில் கிடைக்கும், வாங்கும்போது அளந்து பாருங்கள். சாப்பிட உட்காரும் மணை போதாது, அது மிகத் தாழ்வு. முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்கி, முகம் சிவக்க முக்காதீர்கள். அப்படி முக்கும்போது பலருக்கு ஆசனவாய் திறப்பதற்குப் பதில் இறுகும். வயிற்றை முன்னால் உப்ப விட்டு, “ஊ…” என்று மெல்லக் காற்றை ஊதியபடி கீழ்நோக்கி அழுத்தம் கொடுங்கள். முதல் நாள் சிரிப்பு வரலாம், கதவு சாத்தித்தானே இருக்கிறது. இதய நோயாளிகள் மூச்சடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கி மயக்கம் வரலாம், அவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

நார்ச்சத்துக் கணக்கு

பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். நம் வழக்கமான சாப்பாட்டைக் கூட்டிப் பாருங்கள். காலை நான்கு இட்லி, சட்னி: சுமார் 4 கிராம். மதியம் 100 கிராம் அரிசி வடித்த சோறு: 3 கிராமுக்கும் குறைவு. சாம்பார்ப் பருப்பில் 2, இலை ஓரத்தில் வைக்கும் இரண்டு கரண்டிப் பொரியலில் 1½ அல்லது 2. இரவு மூன்று தோசை: 3. எல்லாம் சேர்த்து 15 கிராமைத் தொடுவதே பெரும்பாடு. வயிறு நிறைகிறது, குடலுக்குத் தள்ளுவதற்குச் சரக்கு இல்லை.

பற்றாக்குறை 10–15 கிராம். அதை ஒரே நாளில் நிரப்பினால் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் புதிதாக வந்த நாரை நொதிக்கவைத்துக் காற்றாக்கும். உப்புசம், இரைச்சல், வலி எல்லாம் வருவது இதனால்தான். வாரத்துக்கு 4–5 கிராம் என்று ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும்.

முதல் வாரம் ஒரு பழம் மட்டும். நடுத்தரக் கொய்யா ஒன்று, தோலோடும் விதையோடும் சாப்பிட்டால், 5 கிராமுக்குக் குறையாது. விலையும் குறைவு. கொய்யா விதை மலத்தைக் கட்டும் என்ற பேச்சைக் கேட்டு விதையைத் துப்பினால் நாரில் ஒரு பங்கைத் துப்பியதாகும், நன்றாக மென்று தின்றால் போதும். கொய்யா பிடிக்காதவர்கள் நன்கு பழுத்த பப்பாளி 200 கிராம் எடுத்துக்கொள்ளலாம். பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நமக்கு வேண்டியது சல்லடையில் நின்றுவிடும்.

இரண்டாம் வாரம் மதியத் தட்டில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, காயை இரண்டு மடங்காக்குங்கள். பொரியலும் கூட்டும் சேர்ந்து 150 கிராமாவது இருக்க வேண்டும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்தால் நாம் சாப்பிடும் காய் எவ்வளவு குறைவு என்று தெரியும். அவரை, கொத்தவரை, வெண்டை, வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை நார் மிகுந்தவை. சுரைக்காயும் புடலங்காயும் நீர் மிகுந்தவை, நார் குறைவு. பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் போடாமல் துவையல் அரைக்கலாம், உளுந்து, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் சோற்றுக்கு மேலும் ஒரு பங்கு நார் சேரும்.

மூன்றாம் வாரம் பயறு. முழுப் பச்சைப் பயறு உலர்ந்த எடையில் 40 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 6–7 கிராம் நார் தரும். கறுப்புக் கொண்டைக்கடலையில் அதற்கும் மேல். எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வேகவையுங்கள். சுண்டல் கடினமாக இருக்க வேண்டும் என்று அரைவேக்காட்டில் இறக்குவதுதான் பாதி வாயுத் தொல்லைக்குக் காரணம். காற்றை உண்டாக்கும் மாவுப்பொருள்களில் ஒரு பங்கு அந்த ஊறல் தண்ணீரிலேயே போய்விடும். தாளிப்பில் பெருங்காயமும் இஞ்சியும் எப்போதும் உண்டு.

நான்காம் வாரம் ஒரு வேளைத் தானியத்தை மாற்றுங்கள். 50 கிராம் கேழ்வரகு மாவில் 5 கிராம் அளவு நார் இருக்கிறது, கம்பிலும் முழுக்கோதுமை மாவிலும் ஏறக்குறைய அதே அளவு. கேழ்வரகு தனக்குக் கட்டுகிறது என்பவர்களிடம் இரண்டு கேள்வி: மாவைச் சலித்தீர்களா, களியாகக் கெட்டியாகத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்களா? சலித்தால் தவிடு போய்விடும். கூழாகவும் மோர் சேர்த்தும் குடித்தால் இந்தப் புகார் பெரும்பாலும் வராது. சாமை, தினை, வரகு வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் பட்டை தீட்டியது, பச்சரிசியைவிடப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. மங்கலாக, லேசான பழுப்பாக இருப்பதே வேண்டும்.

படுக்கும் முன் ஒரு வாழைப்பழம் என்பது நம் ஊரின் நிரந்தர மருந்து. கெடுதல் இல்லை. ஆனால் அதில் 2–3 கிராம்தான் நார், அது ஒன்றை மட்டும் நம்பிப் பலன் எதிர்பார்க்க முடியாது. நன்கு பழுத்ததாக இருக்கட்டும், காயாக உள்ளதில் மாவுச்சத்து செரிக்காமல் நின்று சிலருக்குக் கட்டும்.

செலவு செய்ய முடிந்தால் இரண்டு பழங்களுக்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒன்று, உலர்ந்த பிளம். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காலையும் மாலையும் 50 கிராம் சாப்பிட்டவர்களுக்கு இசப்கோல் எடுத்தவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. நாரோடு அதிலுள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் குடலில் தண்ணீரை இழுத்துவைக்கும். நான்கைந்து பழத்தில் தொடங்குங்கள். இன்னொன்று, பச்சைக் கிவி, நாளைக்கு இரண்டு. ஊறவைத்த அத்திப்பழம், உலர்திராட்சையிலும் ஓரளவு பலன் உண்டு. சர்க்கரை நோயாளிகள் உலர்பழங்களில் கை வைப்பதற்கு முன் அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் காரணமாகப் பழம், கீரை இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே கூட்ட வேண்டும்.

தண்ணீர்

நாள் முழுவதும் 2 முதல் 2½ லிட்டர். மோர், ரசம், கஞ்சி எல்லாம் இதில் சேரும். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அதற்கு மேல் நான்கு, ஐந்து லிட்டர் குடிப்பதால் மலம் இளகாது, உபரித் தண்ணீர் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீராகப் போகும். குறைவாகக் குடித்தால் நட்டம், கூடுதலாகக் குடித்தால் லாபமில்லை. கழிப்பறை வசதி சரியில்லை என்று வேலையிடத்தில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். அவர்கள் வீட்டில் இருக்கும் காலை, மாலை நேரங்களில் ஈடுசெய்ய வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு.

நடையும் இதோடு சேரட்டும், தினம் 30 நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நேராகப் படுக்காமல் கொஞ்சம் நடந்தாலும் நல்லது.

இசப்கோல்

மேலே சொன்னதெல்லாம் நான்கு வாரம் செய்தும் இரண்டாம் வகையிலேயே நிற்கிறது என்றால் இசப்கோல் உமி. குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு செடியின் விதைத்தோல் இது. தண்ணீரில் பல மடங்கு ஊதிக் கூழாகும். மலத்துக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைப்பதால் இறுகியதையும் இளக்கும்.

முதல் மூன்று நாள் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 2 கிராம். முழு டம்ளர் தண்ணீரில், அதாவது 200 முதல் 250 மி.லி.யில், கலக்கியவுடன் குடித்துவிடுங்கள். இரண்டு நிமிடம் வைத்தால் கரண்டி நிற்கும் கூழாகிவிடும், பிறகு குடிக்க மனம் வராது. அதன் பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரு தேக்கரண்டி ஏற்றி, நாளைக்கு 10 கிராம் வரை, காலை இரவு என்று பிரித்துப் போகலாம். பலன் 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் முழு அளவில் நான்கு வாரம் எடுத்துப் பார்க்காமல் பலிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

தவறுகள் மூன்று விதம். உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது முதல் தவறு, அது தொண்டையிலேயே ஊதி அடைக்கலாம். விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கு இசப்கோலே கூடாது. குடித்த கையோடு படுப்பது இரண்டாவது, அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து எடுப்பது மூன்றாவது. கூழ் மாத்திரையையும் சுற்றிக்கொண்டுவிடும், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். கடையில் வாங்கும்போது சர்க்கரை, சுவைமணம் சேர்க்காத வெறும் உமியாகப் பாருங்கள். சில பொட்டலங்களில் இசப்கோல் என்று பெரிதாகப் போட்டு, கீழே சிறிய எழுத்தில் சென்னாவும் சேர்த்திருப்பார்கள். அது வேறு வகை மருந்து.

நிலாவாரை, விளக்கெண்ணெய், கடுக்காய்

அந்தச் சென்னா நமக்கு அன்னியமானதல்ல. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை, நிலாவிரை என்று கேட்டு வாங்குவது அதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்து, உலகச் சந்தையில் “டின்னவேலி சென்னா” என்ற பெயரில் போகிறது. ‘வயிறு சுத்தி’ என்று விற்கும் சூரணங்கள் பலவற்றில் வேலை செய்வது இந்த இலைதான். மூலிகைதானே என்று ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்கள், மாத்திரைக் கடையில் விற்கும் பேதி மாத்திரையின் அதே மருந்தைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இலையிலுள்ள சென்னோசைடு பெருங்குடலுக்குப் போனபின் அங்குள்ள நுண்ணுயிரிகளால் மாற்றப்பட்டுக் குடல் சுவரைத் தூண்டும். அதனால்தான் இரவில் எடுத்தால் 6 முதல் 12 மணி நேரம் கழித்துக் காலையில் வேலை செய்கிறது. எப்போதாவது ஒருநாள் எடுப்பதில் தவறில்லை. நாள்பட எடுத்தால் வயிற்றுப் பிசைவு, பொட்டாசியம் இழப்பு, குடலின் உட்சுவர் கறுத்துப்போவது எல்லாம் உண்டு. கறுப்பு, நிறுத்தினால் மெல்ல மறையும்.

பேதி மருந்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பழக்கம் தொற்றிக்கொள்வது அதனால்தான். நன்றாகப் பேதியானால் குடல் முழுவதும் காலியாகிவிடும். மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் போகாமல் இருப்பது இயல்பு. ஆனால் அதைப் பார்த்து மலச்சிக்கல் திரும்பிவிட்டது என்று பயந்து அடுத்த மாத்திரையைப் போட்டால், மாத்திரை இல்லாமல் குடல் வேலை செய்யுமா என்று பார்க்கவே வாய்ப்பு வராது. நாளாக மாத்திரை எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்த வேண்டாம். நார்ச்சத்தும் இசப்கோலும் நிலைபெற்ற பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இருமுறை என்று குறையுங்கள்.

விளக்கெண்ணெயும் இதே தூண்டும் வகைதான், இன்னும் முரட்டுத்தனமானது. வயிறு முறுக்கி வலிக்கும், நீரிழப்பு வரும். மாதம் ஒருமுறை குடலைக் ‘கழுவ’ வேண்டிய தேவை ஆரோக்கியமான குடலுக்கு இல்லை. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சம பங்கு சேர்ந்த திரிபலா ஒப்பீட்டில் மென்மையானது. அரைத் தேக்கரண்டி வெந்நீரில் இரவில் எடுக்கலாம். கடுக்காயைத் தனியாக இடிப்பதாக இருந்தால் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் இடிக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் போகவில்லை என்றால்

நாரைக் கூட்டக் கூட உப்புசம்தான் கூடுகிறது, மலம் மென்மையாகவே இருக்கிறது, ஆனாலும் வெளியே வர மறுக்கிறது, சில நேரம் விரலால் அழுத்தி உதவ வேண்டியிருக்கிறது. வெட்கத்தால் இதை யாரும் வெளியே சொல்வதில்லை. இது உணவுச் சிக்கல் அல்ல. முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் இறுகுவதால் வருவது. இவர்களுக்கு நார்ச்சத்தை ஏற்றுவது நெரிசலைக் கூட்டும். இதற்கென்று பயோஃபீட்பேக் என்ற பயிற்சி இருக்கிறது, தசையைத் தளர்த்தக் கற்றுத்தருவார்கள், நல்ல பலன் தரும். குடல் இரைப்பை மருத்துவரிடம் விரல் விஷயத்தையும் சேர்த்து அப்படியே சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் பெரிய உதவி.

மற்றவர்களுக்கு மருத்துவர் லாக்டுலோஸ் சிரப்போ, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ தரலாம். இவை குடலைத் தூண்டாமல் தண்ணீரைப் பிடித்துவைப்பவை. சோப்புத் தண்ணீர் எனிமா, காபி எனிமா எதையும் வீட்டில் முயல வேண்டாம், குடல் சவ்வு புண்ணாகும்.

குழந்தை, கர்ப்பிணி, முதியோர்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்து ஒன்றரை மாதத்துக்கு மேல், ஒரு வாரம்வரை போகாமல் இருந்தாலும் மலம் இளகலாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்தால் கவலையில்லை. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், மெல்லிய சவ்வு கிழியும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. பிறந்து இரண்டு நாளாகியும் முதல் கறுப்பு மலம் போகாத குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வயதிலிருந்து பள்ளிப் பருவம் வரை பெரும்பாலும் நடப்பது அடக்குதல். ஒருமுறை வலித்தது, மறுமுறை பயந்து காலைப் பின்னிக்கொண்டு அடக்குகிறது, மலம் இன்னும் பருத்து, இன்னும் வலிக்கிறது. பள்ளிக் கழிப்பறை அருவருப்பாக இருப்பதும் ஒரு காரணம். பாலை நாளைக்கு 500 மி.லி.க்குள் நிறுத்துங்கள், பால் வயிற்றை நிரப்பிச் சோற்றையும் காயையும் தள்ளிவிடும். சாப்பிட்டதும் ஐந்து நிமிடம் கால் ஊன்றும்படி உட்காரவையுங்கள், வந்தாலும் வராவிட்டாலும் திட்டாதீர்கள். உள்ளாடையில் அடிக்கடி கறை படுகிறது என்றால் அது சேட்டை இல்லை, தேங்கிய மலத்தைச் சுற்றிக் கசிவது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோனும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து கட்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், நேரத்தையோ வகையையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பழம், பயறு, இசப்கோல் எடுக்கலாம். விளக்கெண்ணெய் வேண்டாம், நிலாவாரையை மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

வயதானவர்களுக்குப் பல் சிக்கலால் காய் குறைந்து, இரவில் எழ வேண்டுமே என்று தண்ணீரும் குறைந்திருக்கும். காயைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள், தண்ணீரை மாலை ஆறு மணிக்குள் முடியுங்கள், கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு மேற்கத்திய இருக்கையும் முக்காலியும் போதும், எழும்போது முக்காலி தடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்குப் பல நாள் போகாமல் இருந்து, திடீரென்று தண்ணீராகக் கசிய ஆரம்பித்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கெட்டியான மலம் மலக்குடலை அடைத்து நிற்க, மேலிருந்து வரும் நீர் அதைச் சுற்றி வழிவதாக இருக்கும். இசப்கோலும் அப்போது கூடாது. அடைப்பை மருத்துவரோ செவிலியரோ எடுத்த பிறகுதான் உணவு, தண்ணீர், நேரம் என்று மேலே சொன்ன வரிசையைத் தொடங்க வேண்டும்.